லைனில் போயிருக்கிறார்

ஜூன் 3, புதன்

யூனியன்காரர்கள் இந்த வருஷமும் அவர் பெயருக்கே டைரி அனுப்பியிருந்தார்கள். ஜனவரியிலிருந்து பீரோவுக்குள் கிடந்தது. வீணாகப் போகிறதே என்றுதான் இன்று எடுத்தேன். எழுத வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண். பெயர் ஸ்டெல்லாவாம், அயனாவரத்திலேயே மார்க்கெட் பக்கம் வீடாம். அட்டையில் காகிதம் செருகி வைத்திருந்தாள். ஓட்டுக் கேட்க வந்தவள் என்று நினைத்தேன்.

"கம்பெனிக்காரங்க ஒரு பொருளை விக்கறதுக்கு முன்னாடி உங்கள மாதிரி லேடீஸ்கிட்ட கருத்துக் கேப்பாங்கக்கா. குரூப்னு சொல்லுவோம். ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசணும். டீ, சமோசா தருவாங்க. முடிஞ்சதும் ஒரு கவர்."

"எதுக்குக் கவர்?"

"பேசினதுக்குக்கா."

முப்பத்தோரு வருஷம் இந்த வீட்டில் சும்மாவே பேசியிருக்கிறேன். கேட்க வேண்டியவர் பேப்பரை மடக்கியதில்லை. பேசினால் பணம் என்றால் இந்நேரம் இரண்டு மாடி எழுப்பியிருப்பேன். உட்காரச் சொன்னேன்.

வரிசையாகக் கேள்வி. கேஸ் அடுப்பா, வண்டி இருக்கிறதா, எந்த சோப்பு. "வீட்டுக்காரர் பேரு?" வாசல் பலகையைக் காட்டினேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அவர் பெயர் என் வாயில் வருவதில்லை. ஏகாம்பரம் என்று எழுதிக்கொண்டாள். "என்ன வேலை?"

"ரயில்வேல கூட்ஸ் கார்டு" என்றேன்.

'இருந்தார்' என்று சேர்த்திருக்க வேண்டும். அவர் போய் இந்த ஆவணியோடு ஒரு வருஷம். அதற்குள் அவள் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அடித்துத் திருத்தச் சொல்ல சங்கடமாக இருந்தது.

ஜூன் 6, சனி

நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி. ஏசி. எட்டுப் பெண்கள், வட்டமாக நாற்காலி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார்களாம், நமக்கு அவர்கள் தெரியமாட்டார்களாம். ஸ்டெல்லா முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள்: "இதான் ஃபர்ஸ்ட் டைம்னு சொல்லணும். கழுத்துல ஒரு செயின் போட்டுக்கங்கக்கா." ஏன் செயின் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துணி துவைக்கிற பவுடர் பற்றிப் பேச்சு. எல்லாரும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அவருடைய வெள்ளை யூனிபாரம் பற்றிச் சொன்னேன். கூட்ஸ் வண்டியில் கடைசிப் பெட்டி கார்டுடையது. முன்னால் போகிற நாற்பது பெட்டித் தூசியும் அவர் மேல்தான் வந்து விழும். நிலக்கரி ஏற்றிய வண்டி என்றால் சட்டைக் காலர் ஒரு நிறம், இரும்புத் தாது என்றால் வேறு நிறம். காலரைப் பார்த்தே எந்தப் பக்கம் போய்வந்தார் என்று சொல்லிவிடுவேன். இதைச் சொன்னபோது நடத்துகிற பெண் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

"இப்ப எந்தப் பக்கம் போயிருக்கார்?" என்று கேட்டாள்.

"லைன்ல போயிருக்கார். ஜோலார்பேட்டை" என்றேன். வண்டியோடு டியூட்டிக்குப் போவதற்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் பேர். தடங்கலே இல்லாமல் வந்தது. பால்காரர், சீட்டுக்காரம்மா, கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர்கள், எல்லாரிடமும் முப்பத்தோரு வருஷம் இதையே சொல்லிப் பழகிய வாய்.

கவரும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்தார்கள். கைச்செலவுக்கு ஆயிற்று.

ஜூன் 9, செவ்வாய்

கேஸுக்குப் பதிந்தேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி. மகள் மேகலா ஓசூரிலிருந்து போன் செய்தாள். அங்கே மழையாம், இங்கே இல்லை என்றேன்.

ஜூன் 20, சனி

இன்று முதுகுவலித் தைலம். அவர் முதுகைப் பற்றி ஒரு புத்தகமே போடலாம். வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் பிரேக்வேனில், அதாவது அந்தக் கடைசிப் பெட்டியில், விழுகிற குலுக்கல் அப்படி. வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு மேகலாவை முதுகின் மேல் நடக்கச் சொல்வார். அவளுக்கு அப்போது ஆறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே நடப்பாள். பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர். அரக்கோணத்தில் அவர் தூங்கிப்போயிருப்பார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன குரூப்பில் இரண்டு பிள்ளை பெற்றிருந்த புரசைவாக்கத்துக்காரி இன்று எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இன்று அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தன் தம்பிக்குத் தைலம் தேய்ப்பதாகச் சொன்னாள். சிரிப்பை அடக்கச் சமோசாவை வாயில் திணித்துக்கொண்டேன். லிஃப்டில் இறங்கும்போது அவளே சொன்னாள்: "ஃபாரத்துல என்ன போட்டிருக்கோ அதான் நம்ம குடும்பம்."

ஜூன் 28, ஞாயிறு

மேகலா போன். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆவணியில் வருஷத் திதிக்கு ஐயரைப் பார்த்தாயிற்றா என்றாள். பார்த்தாயிற்று என்றேன். அப்பா என்ற சொல்லை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. எடுத்தால் அந்த நாளுக்குத்தான் போய் நிற்கும்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் அவளுக்குப் போன் செய்தேன். "நெஞ்சு வலின்னு சேத்திருக்கு. ஒண்ணும் பயமில்லை. மெதுவா வா" என்றேன். விடியும்போது அவர் இல்லை. அவள் மத்தியானம்தான் வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இதுவரை அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் பற்றி இனி இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 4, சனி

டீத்தூள். சொல்ல நிறைய இருந்தது. என் முறைக்குள் நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வரும்வரை எரிச்சல்.

ஜூலை 11, சனி

குரூப் இல்லை. ஸ்டெல்லாவுக்கு நானே போன் செய்து கேட்டேன். "பணமுடையாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 18, சனி

சாப்பாட்டு கேரியர் செய்கிற கம்பெனி. நடத்தியவள் அர்ச்சனா என்கிற பெண், முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரையும் ஆன்ட்டி என்றாள்.

ஒரு நாள் டியூட்டிக்குக் கட்டுவது யாருக்கும் வரும். இரண்டு நாளுக்குக் கட்டுவதுதான் வித்தை. கிளம்பும்போதே தயிர் சேர்த்துப் பிசைந்தால் ராத்திரிக்குள் புளித்துவிடும். சோற்றைக் குழைய வடித்து, பாலை ஊற்றி, பேருக்கு அரை ஸ்பூன் தயிர் விட வேண்டும். வண்டி ஆம்பூர் தாண்டும்போது அது தானாகத் தயிர்சாதம் ஆகியிருக்கும். அடுத்த நாளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எண்ணெய் தாராளமாக. அதற்கும் மேல் நாளானால் புளிசாதம். தொடுகறிக்கு நார்த்தங்காய். எதை எந்தத் தட்டில், எந்த வரிசையில் என்று கேட்டாள். அவளுடைய நோட்டை வாங்கிப் படமே போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிஷம் நான் ஒருத்தியே பேசினேன். மற்றவர்களுக்குக் கடுப்பு. அர்ச்சனா தடுக்கவில்லை.

"அங்கிள் குடுத்துவெச்சவர்" என்றாள். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூலை 29, புதன்

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டதாம். ஹோம் விசிட் கேட்கிறார்களாம். வீட்டுக்கே வந்து, நான் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுப்பதை வீடியோ எடுப்பார்களாம்.

"சார் இருந்தா நல்லதுக்கா" என்றாள் ஸ்டெல்லா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியும்க்கா. முதல் நாளே சுவத்துல மாலை போட்ட போட்டோவைப் பாத்தேன். நீங்க சொல்லலை, நானும் கேக்கலை. எங்க அண்ணன் இருக்காரு, சர்ச் டிராமால எல்லாம் நடிப்பாரு. ஒரு மணி நேரம் உக்காந்திருக்கச் சொல்லவா?"

அவள் அண்ணனாம், அவர் நாற்காலியிலாம். நல்ல வார்த்தையாக இரண்டு சொல்லி அனுப்பினேன். படி இறங்குமுன் கூப்பிட்டு, "லைன்ல போயிருக்கார்னு சொல்லு. கேரியரை ஆள் வந்து எடுத்துட்டுப் போவாருன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி, காலை பத்து மணிக்கு வருகிறார்களாம். ஞாயிறன்று திதி. மேகலா சனிக்கிழமை மாலைதான் வருகிறாள். நடுவில் தாராளமாக நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, புதன்

படையலுக்கு வாழை இலை சொல்லியாயிற்று. அடுப்பைக் கழற்றித் துடைத்தேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

சாயங்காலம் போட்டோவை இறக்கினேன். சந்தனமாலையைத் தனியாகச் சுருட்டி, போட்டோவைப் பட்டுப்புடவைக்குள் சுற்றி பீரோவில் வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் மேல் மளிகைக்கடைக் காலண்டரை மாட்டினேன். அவருடைய ஷூவை எடுத்து வாசல் பக்கம் வைத்தேன். பார்த்தேன். என்னால் முடியவில்லை. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கு வாசலில் மேகலா. "ரெண்டு நாள் லீவு சேத்துப் போட்டேம்மா. உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு." பையை வைத்துவிட்டு, வழக்கம்போல் சுவரைப் பார்த்துக் கும்பிடப் போனாள். கை பாதியில் நின்றது.

"அப்பா போட்டோ எங்கம்மா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். எல்லாவற்றையும் சொன்னேன். குரூப், கண்ணாடி, கேரியர், பத்து மணிக்கு வரப்போகிறவர்கள். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்பாவை வெச்சுக் காசு வாங்கறியா?"

கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நான் பணம் அனுப்பினா வேணாங்கறே. பென்ஷன் வருது. நாளன்னிக்கு அவருக்குத் திதி. இன்னிக்கு உயிரோட இருக்காருன்னு சொல்லிக் கவர் வாங்கப் போறே. நான் இப்பவே எடுத்து மாட்டறேன், வர்றவங்க பாக்கட்டும்."

விடுவிடுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் போட்டோ இல்லை, கவர்கள் இருந்தன. புடவைக்கு அடியில் வைத்திருந்தவை.

"ஒண்ணைக்கூடப் பிரிக்கலையேம்மா."

"செலவு ஒண்ணும் வரலை."

"அப்ப எதுக்குப் போனே?"

சோறு பொங்கி வழிந்தது. எழுந்து போய் அடுப்பைத் தணித்தேன். பின்னாலேயே வந்து நின்றாள். பதில் சொல்லாமல் விடமாட்டாள், அவர் பிடிவாதம். அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னேன்: "அங்க அவரைப் பத்திக் கேக்கறாங்கடி. வேற யாரு கேக்கறாங்க?"

கவர்களைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு அர்ச்சனாவும் கேமராக்காரர் ஒருவரும் வந்தார்கள். கேரியரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். நாலு தட்டு, பிடி ஒரு பக்கம் வளைந்தது. பால் விட்டுச் சோறு பிசைந்தேன். ஒரு வருஷமாகச் செய்யாத வேலை. கைக்கு எல்லாம் நினைவிருந்தது. உருளை வறுவல் மேலே, நார்த்தங்காய் ஓரமாக. மேகலா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். எந்த நிமிஷமும் சொல்லிவிடுவாள் என்று என் கண் அவள் மேலேயே இருந்தது.

"கேரியர் திரும்பி வரும்போது ஏதாவது மிச்சம் இருக்குமா ஆன்ட்டி?"

"ஒரு வாய் இருக்கும். மேல் தட்டுல, ஓரமா. முன்னெல்லாம் துடைச்ச மாதிரி காலியா வரும். இந்த எட்டு வருஷமாத்தான் இப்படி. வயசாச்சு, என் சமையல் இறங்கலை போலன்னு அளவைக் குறைச்சுப் பாத்தேன். அப்பவும் ஒரு வாய் மிச்சம். கேட்டா பதில் வராது. ஒரு தடவை கோவத்துல கேரியரைத் தூக்கிப் போட்டேன், அப்ப வளைஞ்சதுதான் இந்தப் பிடி."

"அது எனக்குத்தாம்மா" என்றாள் மேகலா.

அர்ச்சனா திரும்பினாள். கேமராவும் திரும்பியது.

"சின்ன வயசுல அப்பா டியூட்டி முடிஞ்சு வந்ததும் கேரியரை நான்தான் வாங்குவேன். அவர் ஷூ கழட்டறதுக்குள்ள பின்பக்கம் ஓடிப்போய்த் திறந்துடுவேன். எனக்குன்னு ஒரு வாய் வெச்சிருப்பாரு. லேசாப் புளிச்சிருக்கும், இரும்பு வாசனை அடிக்கும். ரயில் சோறுன்னு பேர் வெச்சிருந்தோம். வழிச்சுத் தின்னுட்டுக் கழுவப் போட்டுடுவேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊசிப்போனதைத் திங்காதேன்னு அடிப்பாங்க." கேரியரைப் பார்த்தாள். "எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு."

அவள் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. எனக்கும். வாங்கித் தின்ன ஆள் இல்லாதபோதும் அவர் எட்டு வருஷம் ஒரு வாய் எடுத்து வைத்திருக்கிறார். அதற்குத்தான் நான் சண்டை போட்டேன்.

அர்ச்சனாவின் கண் கலங்கியிருந்தது. நல்ல பெண். "இது போதும் ஆன்ட்டி. அங்கிள் லைன்ல இருந்து வந்ததும் போன்ல ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா? ஏன் மிச்சம் வெச்சீங்கன்னு அவர் வாயாலயே சொன்னா நல்லா இருக்கும்."

எனக்கும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை.

"அவர் இல்லைம்மா. போன ஆவணியில தவறிட்டார்."

இந்த வார்த்தையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. துக்கத்துக்கு வந்தவர்களிடம்கூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தெரிந்துதான் வந்தார்கள்.

கேமராக்காரர் கேமராவை இறக்கினார். அர்ச்சனா கோபப்படவில்லை. இந்த ஃபாரம் செல்லாது, மேலே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். சொல்லு தாயி என்றேன். கவரை வெளியே எடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கட்டிய கேரியரைப் பிரித்துச் சாப்பிட்டோம். உப்பு ஒரு கல் குறைச்சல் என்றாள். போட்டோவை அவளே மாட்டினாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

திதி நல்லபடியாக முடிந்தது. ஐயர் அவர் பெயரைக் கேட்டார். நான் வாசல் பலகையைக் காட்டவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

ஸ்டெல்லா வந்தாள். என் பெயரை எல்லா ஏஜென்சி லிஸ்டிலும் அடித்துவிட்டார்களாம். அவளுக்கும் திட்டு விழுந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, ஒரு டப்பா நார்த்தங்காய் கொடுத்தேன். "விடுங்கக்கா, வேற ஆளா இல்லை" என்றாள். டீ குடித்துவிட்டுத்தான் போனாள். சனிக்கிழமையை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 5, சனி

மேகலா போன் செய்தாள். இந்த முறை மழை பற்றிப் பேசவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு ஏன் மெதுவா வான்னு சொன்னே?"

பன்னிரண்டு மாதமாக இதற்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். டாக்டர் தைரியம் சொன்னார், நீ கைக்குழந்தையோடு அலைய வேண்டாம் என்று நினைத்தேன், இப்படி. ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"அவரு எப்பவுமே லேட்டாத்தானேடி வருவாரு. சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனா வராம இருந்ததே இல்லையே. அன்னிக்கும் எழுந்து வந்துருவாருன்னுதான் நெனச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் நெனைக்கலை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றாள். "அன்னிக்கு ராத்திரி எட்டு மணி பஸ் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அப்பாதானே, வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு அதை விட்டுட்டேன்."